அது உதைக்காது

ஜன்னலோரம் நீங்களே இருங்க தம்பி. எனக்கு வேண்டாம். அங்க உக்காந்தா பஸ் வளையும்போதெல்லாம் வலது தோளு கம்பியில போய் இடிக்கும். இன்னைக்கு என் வலது தோளை நான் கொஞ்சம் பத்திரமா வெச்சுக்கிடணும். ஏன்னு கேக்காதீங்க. கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன். எலுமிச்சம்பழம் இருக்கு, மடியில வெச்சுக்கிடுங்க. மலை ஏற ஆரம்பிச்சதும் குமட்டும், அப்ப மோந்து பாக்கலாம்.

நீங்க பண்ணைக்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வார வாத்தியாரா? நல்லதாப் போச்சு. படிச்ச பிள்ளை. உங்ககிட்டச் சொன்னா விளங்கும். அச்சுப் போட்ட புஸ்தகத்துல கணக்குப் போட்டுக் காட்டியிருக்கது பொய்யாகுமா? ஆகாதுல்லா? அதைத்தான் நானும் இத்தனை வருஷமாச் சொல்லிட்டு இருக்கேன்.

எனக்குச் சொந்த ஊரு திருநெல்வேலி. பேரு காந்திமதிநாதன். சைவப் பிள்ளைமாரு. மெட்ராஸ்ல மவுண்ட் ரோட்டுல ஒரு துப்பாக்கிக் கடையில உத்தியோகம். சிரிங்க, பரவாயில்ல, எல்லாரும் சிரிப்பாங்க. கடையில என்னைக் காந்தின்னுதான் கூப்பிடுவாங்க. துப்பாக்கிக் கடையில காந்தி. நான் முட்டை வாசம் அடிச்சாலே எந்திரிச்சுப் போற ஆளு. சாயந்தரம் வீட்டுக்குப் போனா தலை முழுகிட்டுத்தான் பூஜை அறைக்குள்ள கால் வைப்பேன். ஒரு எறும்பைக் கொன்னதில்ல. ஒரு துப்பாக்கியையும் சுட்டதில்ல. அதுல எனக்குப் பெருமைதான், குறைச்சல் ஒண்ணும் இல்ல. சுட்டவனுக்குத் தன் துப்பாக்கி ஒண்ணுதான் தெரியும். எனக்கு எல்லாத் துப்பாக்கியும் தெரியும். சீமையிலருந்து வார புஸ்தகம் அத்தனையும் மனப்பாடம். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து, குண்டு எவ்வளவு எடை, எத்தனை கஜத்துல எவ்வளவு பலம், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வெள்ளைக்காரத் துரைமாரே வந்து, "வேர் இஸ் காந்தி?"ன்னு தேடியிருக்காங்க. அப்படி இருந்தவனை இப்ப எங்க உக்கார வெச்சிருக்கான் தெரியுமா? ஏர்கன் விக்கிற மூலையில. கிளி விரட்டுறவன் வருவான், காக்கா விரட்டுறவன் வருவான். அவனுக்கெல்லாம் நான் சில்லறை குண்டு அளந்து போடுதேன்.

எல்லாம் அந்த ஒரு ரைபிளால வந்தது. ரைபிள் மேல தப்பு இல்ல. தோட்டா மேலயும் தப்பு இல்ல. அதை மொதல்லயே சொல்லிப்போடுதேன்.

பண்ணைக்காட்டுக்கு இந்தப் பக்கம் காப்பித் தோட்டம் வெச்சிருந்தாரு ஞானப்பிரகாசம்னு ஒருத்தரு. வேதக்காரரு, கிறிஸ்தவரு. நல்ல மனுஷன், அதுல ரெண்டு பேச்சில்ல. ஒல்லியா இருப்பாரு. தடிக் கண்ணாடி. பேசினா பக்கத்துல இருக்கவனுக்கே கேக்காது. அவரு தோட்டத்துல ஒத்தைக் கொம்பன் ஆனை ஒண்ணு வந்து பழகிப்போச்சு. காப்பிப் பழம் பறிக்கிற பொம்பளை ஒருத்தியை மிதிச்சுக் கொன்னுருச்சு. கலெக்டரு, அந்த ஆனையைச் சுடலாம்னு உத்தரவு போட்டாச்சு. சுடறதுக்கு யாரு இருக்கா? வெள்ளைக்காரன்தான் கப்பலேறிப் போயாச்சே. வேலையாளுங்க மூட்டையைக் கட்டுதாங்க. "என் தோட்டத்து ஆளை அடிச்ச ஆனை, நானே பாத்துக்கிடுதேன்"னுட்டு மனுஷன் மெட்ராஸுக்கு வந்துட்டாரு. அவருகிட்ட அதுவரைக்கும் இருந்தது பன்னிக்கு வெக்கிற பன்னெண்டு போர் துப்பாக்கி ஒண்ணுதான்.

ஆனைக்கு ரைபிள் ஆர்டர் குடுத்துச் செய்யறதுன்னா, சட்டை தைக்கிற மாதிரி தம்பி. ஆளுக்கு அளவெடுத்து எழுதிப் போட்டா சீமையில செய்வான். ஆனா மொதல்ல தோட்டா எதுன்னு முடிவு பண்ணணும். தோட்டாவுக்குத் தக்கனதான் குழாய், குழாய்க்குத் தக்கனதான் எடை, எடைக்குத் தக்கனதான் தோள்ல வெக்கிற கட்டை. பெறகு மாத்த முடியாது. பொண்ணு பாத்துத் தாலி கட்டுற மாதிரி, கட்டினா கட்டினதுதான்.

கடையில ஹமீதுன்னு ஒருத்தன் இருக்கான். என் கூடவே சேந்தவன். சென்ட்டு போட்டுக்கிட்டு, சில்க் சட்டை போட்டுக்கிட்டு வருவான். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா எங்கயாவது போயி எதையாவது சுட்டுட்டு வருவான். திங்கக்கிழமை பூரா அந்தக் கதைதான். அவன் ஞானப்பிரகாசத்தை ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்தான். பாத்துட்டு, "சார், நீங்க முந்நூத்தி எழுபத்தஞ்சு நம்பர் தோட்டா எடுத்துக்கிடுங்க. அதுலயும் ஆனை விழும். உங்க உடம்புக்கு அதுதான் தாங்கும்"னான்.

உடம்புக்குத் தாங்குமாம். ஆனை இவரு உடம்பைப் பாத்தா விழும்? நான் விடலை. மொதலாளி அங்கதான் நிக்காரு. நான் எழுந்திருச்சு, புஸ்தகத்தைக்கூடத் திறக்காம, ரெண்டு தோட்டாவோட கணக்கையும் ஒப்பிச்சேன். முந்நூத்தி எழுபத்தஞ்சுக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஃபுட் பவுண்டு பலம். நானூத்தி எழுபதுக்கு அஞ்சாயிரத்துக்கு மேல. ரெட்டைக் குழாய். ஆனை எதிர நிக்கும்போது அந்த ஆயிரம் ஃபுட் பவுண்டுதான் சார் உயிருன்னேன். மொதலாளி தலையாட்டினாரு. ஞானப்பிரகாசம் கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டே, "உதை ரொம்ப இருக்குமோ?"ன்னு மெல்லக் கேட்டாரு.

உதைன்னா, சுடும்போது துப்பாக்கி பின்னால தோள்ல இடிக்கும்ல, அது. அதுக்கும் புஸ்தகத்துல நம்பரு இருக்கு தம்பி. இல்லைன்னு நினைச்சுக்கிடாதீங்க. நானூத்தி எழுபதுக்கு அறுபது போட்டிருக்கான். அறுபதுன்னா என்ன? அறுபது. அவ்வளவுதான். அஞ்சாயிரம் எங்க, அறுபது எங்க? அதைத்தான் அவருகிட்டச் சொன்னேன். "ஆனைக்கு அஞ்சாயிரம், உங்களுக்கு அறுபது"ன்னேன். அவருக்கே சிரிப்பு வந்துருச்சு.

ஹமீது மட்டும் சிரிக்கலை. "அண்ணாச்சி, நீங்க ஒரு தடவை சுட்டுப் பாத்துட்டுப் பேசுங்க"ன்னான். எல்லாரு முன்னாலயும். உடனே நான் என்ன செஞ்சேன்னா, பக்கத்துத் தையக்காரன்கிட்ட டேப்பு வாங்கிட்டு வந்து, ஆர்டர் எடுத்தது நான்னு எம் பேரையே எழுதச் சொல்லி, அவருக்கு நானே அளவெடுத்தேன். முழங்கை மடிப்புலருந்து விரல் வரைக்கும் எவ்வளவு, கழுத்துக்கும் தோளுக்கும் எவ்வளவு, எல்லாம். துப்பாக்கிக் கட்டை பதியற இடத்தைத் தொட்டுப் பாத்து எழுதணும். தொட்டேன். சதைங்கிறதே இல்ல. தோலுக்குக் கீழ நேரா எலும்புதான், கோழிக்குஞ்சைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. ஃபாரத்துல அதுக்கு ஒரு கேள்வியும் கிடையாது. அதனால நானும் எழுதலை.

ரைபிள் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அடேயப்பா, என்ன வேலைப்பாடுங்கீங்க. அக்ரூட் மரத்துக் கட்டையில பட்டுச் சேலை மாதிரி ரேகை ஓடுது. நான் திருநீறு பூசிக் குடுத்தேன். அவரு கோயில்ல பாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிச்சாராம். ரெண்டு பக்கத்துச் சாமியும் துணைன்னு பேசிக்கிட்டோம்.

கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்ப வந்தாரு. சட்டைப் பொத்தானைக் கழட்டித் தோளைக் காட்டினாரு. மூணு தடவை பலகையில குறி வெச்சுச் சுட்டிருக்காரு. நாவப்பழம் மாதிரி இருந்துச்சு. "பிள்ளைவாள், இது எனக்கு ஒத்துவராது போல. விரலு விசைக்குப் போனாலே கண்ணு தானா மூடிக்கிடுது. சின்னதுக்கு மாத்த வழி உண்டா?"ன்னு கேட்டாரு.

நீங்களே சொல்லுங்க, தச்ச சட்டையைத் திருப்பி எடுப்பானா? அதுவும் ஹமீது கல்லாப்பெட்டி பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருக்கான். நான் அவரைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, காப்பி வாங்கிக் குடுத்து, எடுத்துச் சொன்னேன். "சார், பலகையைச் சுட்டா உதை தெரியும். மிருகம் நேர்ல நிக்கும்போது தெரியாது. பெரிய பெரிய வேட்டைக்காரன் எல்லாம் எழுதி வெச்சிருக்கான். நீங்க இனிமே பலகையில சுடாதீங்க. தோளு ஆறட்டும். ஆனை வந்தா மட்டும் எடுங்க"ன்னு. நான் சொந்தமாச் சொன்னதில்ல தம்பி அது. புஸ்தகத்துல இருக்கு. பக்கம்கூடச் சொல்லுவேன். மனுஷன் நம்பினாரு. போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்"னாரு. அந்த மாதிரி கஸ்டமரு இனிமே வரப்போறதில்ல.

இருங்க, வளைவு வருது. கம்பியைப் பிடிச்சுக்கிடுங்க. எம் மேல சாயாதீங்க, இந்தப் பக்கம் வேண்டாம். மன்னிச்சுக்கிடுங்க. தோளு.

பெறகு என்ன. ஆனை வந்துச்சு. இவரு காவக்காரனைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. காவக்காரன் கண்ணால பாத்ததைச் சொல்லியிருக்கான். ஆனை இந்தா, நம்ம டிரைவரு இருக்க தூரத்துல நின்னுச்சாம். இவரு தூக்கிக் குறி வெச்சாராம். சுடறதுக்கு முன்னாலயே கண்ணை இறுக்கி மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிட்டாராம். குண்டு போயி மேல ஒரு பலாக் கொப்பை ஒடிச்சுது. ரெண்டாவது தோட்டா குழாய்க்குள்ளயே கிடந்துச்சு. ஆனைக்கு ஒரு கீறல் இல்ல. அதுக்கு மேல சொல்ல வேண்டாம். சவப்பெட்டியை மூடித்தான் கோயிலுக்குக் கொண்டு போனாங்களாம்.

பாவம்தான். எனக்கு வருத்தம் இல்லைன்னா நினைக்கீங்க? ஒரு வாரம் சோறு இறங்கலை. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா. தோட்டா ஆனை மேல பட்டாத்தான தோட்டாவைக் குத்தம் சொல்லலாம்? படவே இல்லையே. பலாக் கொப்பு என்ன ஆச்சுன்னு கேட்டுப் பாருங்க. தூள். பட்டிருந்தா அந்த ஆனை நின்ன இடத்துலயே உக்காந்திருக்கும். அப்ப என் கணக்கு சரியா, தப்பா? நீங்க வாத்தியாரு, நீங்களே மார்க்குப் போடுங்க.

போட மாட்டேங்கீங்க. சரி, பரவாயில்ல.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு அவரு சம்சாரம் கடைக்கு வந்தாங்க. பிலோமினாம்மா. கறுப்புச் சேலை. வலது கையைத் துணியில தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க. ஒரு ஆளு பின்னால ரைபிளைத் தூக்கிட்டு வந்து என் மேசையில வெச்சான். அந்தம்மா அழலை, சத்தம் போடலை. "இதுக்குத் தோட்டா சொன்னது நீங்கதானா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். நான் எதுக்கு மறைக்கணும்? "நீங்க இதைச் சுட்டிருக்கீங்களா?"ன்னாங்க. இல்லைன்னேன். "இந்த மாதிரி வேற எதையாவது?" இல்லைன்னேன். "வைத்தியம் பாக்கிறவருக்கு அந்த நோய் வந்திருக்கணுமா அம்மா?"ன்னும் கேட்டேன். நல்ல பதில்தானே அது?

அப்புறம் சொன்னாங்க. "அவரு பயந்து கண்ணை மூடிட்டாருன்னு ஊரே பேசுது. எங்க வீட்டுக்காரரு பயப்படுற ஆளு இல்ல. அதான் நான் ஒரு தடவை சுட்டுப் பாத்தேன். காறை எலும்பு விட்டுப்போச்சு. இப்ப எனக்குத் தெரியும், அவரு எதுக்குக் கண்ணை மூடினாருன்னு. நீங்களும் ஒரே ஒரு தடவை சுடுங்க. சுட்டுட்டு, அப்பவும் இது உதைக்காதுன்னு எம் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. அதுக்குப் பெறகு நான் உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

பொம்பளைக்குப் பிடிக்கத் தெரியலை தம்பி. தோள்ல சேத்து அழுத்திப் பிடிக்கணும். லேசாப் பிடிச்சா எலும்பு போகத்தான் செய்யும். அதையும் எடுத்துச் சொன்னேன். "நான் சைவம், இதையெல்லாம் விக்கிறதோட சரி, சுடறதில்ல"ன்னும் சொன்னேன். அந்தம்மா, "விக்கிறதுக்கு மட்டும் சைவம் தடுக்கலையா?"ன்னு கேட்டுட்டு ரைபிளைத் திரும்பத் தூக்கச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. இது ஒரு கேள்வியா? கத்தி விக்கிறவன் கழுத்தறுக்கிறானா?

அந்தம்மா அதோட விட்டிருக்கலாம். விடலை. இந்தப் பக்கத்துலருந்து யாரு கடைக்கு வந்தாலும் சொல்லி அனுப்புவாங்க. தோட்டக்காரன் வருவான், கான்ட்ராக்டரு வருவான். தோட்டா வாங்கிட்டு, போகும்போது, "பிலோமினாம்மா கேக்கச் சொன்னாங்க, பிள்ளைவாள் சுட்டாச்சா?"ன்னு கேப்பான். கோபமாக் கேட்டாக்கூடப் பரவாயில்ல. சேதி கேக்கிற மாதிரி மரியாதையாக் கேப்பான். கடையில அதுவே வழக்கமாப் போச்சு. காலையில வந்ததும் டைப்பிஸ்ட் பையன்கூட, "அண்ணாச்சி சுட்டாச்சா?"ங்கான். கொஞ்சம் கொஞ்சமா கஸ்டமருங்க ஹமீதுகிட்டப் போக ஆரம்பிச்சாங்க. மொதலாளி என் நாற்காலியை மூலைக்கு மாத்தினாரு. "கொஞ்ச நாளைக்கு, காந்தி"ன்னாரு. கொஞ்ச நாளு ரொம்ப நாளாச்சு.

அப்பவும் நான் அசையலை. போன வாரம்தான் அது நடந்துச்சு. ஆனைமலைப் பக்கத்துல பெரிய எஸ்டேட்காரரு ஒருத்தரு வந்தாரு. அவருக்கு ஆர்டர் ரைபிள் வேணும். எந்தத் தோட்டான்னு கேக்காரு. எத்தனை காலம் கழிச்சு அந்தக் கேள்வி எங் காதுல விழுது. மூலையிலருந்து எழுந்து போயிக் கணக்கை ஒப்பிக்க ஆரம்பிச்சேன். அவரு பாதியில நிறுத்தினாரு. "பண்ணைக்காட்டு ரைபிளுக்குத் தோட்டா சொன்னவரு நீங்கதானா?"ன்னாரு. ஹமீது ஏதாவது குத்தலாச் சொல்லுவான்னு பாத்தேன். சொல்லியிருந்தா நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒரு துணியை எடுத்து அலமாரிக் கண்ணாடியைத் தொடைக்கான். ஏற்கெனவே தொடச்ச கண்ணாடி. எனக்காக அவன் கூச்சப்படுதான் தம்பி. ஹமீது. எனக்காக. அதைத்தான் என்னால தாங்க முடியலை.

அன்னைக்கே லீவு எழுதிக் குடுத்தேன். அந்தம்மாவுக்குக் கடுதாசி போட்டேன், வாறேன்னு. பதில் வந்துச்சு, "வாங்க"ன்னு. எஸ்டேட்காரரு திங்கக்கிழமை திரும்ப வாராரு. அதுக்குள்ள நான் இங்க ஒரு வெடி சுட்டுட்டு, அந்தம்மா மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டு, கடைக்குப் போயி என் நாற்காலியை நானே தூக்கிப் பழைய இடத்துல போட்டு உக்காருவேன். எவன் கேக்குதான்னு பாக்கேன்.

என்ன தம்பி, தோளையே பாக்கீங்க? ரொம்ப நேரமாப் பாக்கீங்க. சட்டை அப்படி. தையக்காரன் சரியில்ல.

பண்ணைக்காட்டுக்கு முந்தி ஒரு பிரிவு வரும், சிலுவைக் கல்லு ஒண்ணு நட்டிருக்கும், அங்கதான் எறங்கணும். கண்டக்டர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். காவக்காரனை அனுப்புதேன்னுதான் எழுதியிருந்தாங்க. இல்ல, இருங்க, அது யாரு? அந்தம்மாவே வந்து நிக்காங்க. இன்னும் கறுப்புச் சேலைதான். குடையை ஏன் இடது கையில பிடிச்சிருக்காங்க? வலது கை சும்மாத்தான தொங்குது. எலும்பு சேந்திருக்குமே இத்தனை வருஷத்துல. சேரலையோ. பிடிக்கத் தெரியலை, அதான். சொன்னேன்ல.

தம்பி, ஒரு சின்ன உதவி. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பனியனுக்குள்ள துண்டை நாலா மடிச்சு வெச்சிருக்கேன். மலையில குளிரும்னு வீட்டுல சொல்லித்தான் தச்சு வாங்கினேன். அவருக்கு வெறும் எலும்புதான், எனக்குச் சதை இருக்கு, எனக்கு இதெல்லாம் தேவையே இல்ல. சும்மா இருக்கட்டுமேன்னு. வெளிய தெரியுதா?

தெரியுதா. சரி, அங்கவஸ்திரத்தை அது மேல இப்படிப் போட்டுக்கிடுதேன். இப்ப? இப்பவும் தெரியுதா?

இருப்பா கண்டக்டரே, எறங்குதேன், விசில் அடிச்சிராத. எலுமிச்சம்பழத்தை நீங்களே வெச்சுக்கிடுங்க தம்பி. ஊருல யாராவது உங்ககிட்டக் கேட்டா, அது உதைக்கலைன்னு பிள்ளைவாள் சொல்லிட்டாருன்னு சொல்லுங்க. நாளைக்குச் சொல்லணும்னு இல்ல, இன்னைக்கே சொல்லலாம். சுடறதுக்கு முன்னாலயே நான் உங்ககிட்டச் சொல்லிட்டேன்.